‘குஹா’ என்று எழுதிய நான்கு வரிகள்

1999 ஜூலை 14 — 15 பெசோ
2002 நவம்பர் 5 — 15 பெசோ
2006 பிப்ரவரி 20 — 25 பெசோ
2011 ஆகஸ்ட் 9 — 50 பெசோ

இவை நகராட்சிக் கல்லறையில் புதைப்பதற்கான அனுமதிச் சீட்டின் கட்டணங்கள். நான்கையும் கட்டியவள் ஒருத்தி. ஆர்செனியா பகாலான், படகுத்துறை வாசலில் புட்டோ என்ற அரிசிமாவுப் பலகாரம் அவித்து விற்பவள். நான்கு சீட்டையும் எழுதியவன் நான். எங்கள் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் 1979 முதல் 2012 வரை எழுத்தராக இருந்தேன். இங்கே ஆட்களின் பெயரையும் தீவின் பெயரையும் சொல்லாமலோ மாற்றியோ எழுதுகிறேன். தேதிகளை மாற்ற மட்டும் கை வரவில்லை.

ஆர்செனியா பிறந்தது 1977இல். தகப்பன் வலை பின்னுபவன், தாய் துறையில் பலகாரம் விற்றவள். தாயின் அடுப்பும் அவிக்கிற மூங்கில் தட்டுகளும் மகளுக்கு வந்தன. இருபத்தோராம் வயதில் ரெம்பெர்தோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் டிரைசைக்கிள், அதாவது பக்கக்கூண்டு வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். அடுத்த வருடமே அவர்கள் இருவரும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அவன் கையில் வெள்ளைத் துணி சுற்றிய பால்மாவு டின் ஒன்று இருந்தது.

“எத்தனை மாசம்?” என்று கேட்டேன்.

“நாலு முடிஞ்சு ரெண்டு வாரம்.”

“இதுக்குச் சீட்டு வேண்டாம் இண்டாய். எல்லாரும் வீட்டுக்குப் பின்னாடியே வெச்சுடுவாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க,” என்றேன். இளம் பெண்களை இண்டாய் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்; மூத்த ஆண்களை நோங் என்பார்கள்.

“எல்லாரும் வெக்கட்டும். எம்பிள்ளைய நான் கோழி கிளறுற இடத்துல வெக்க மாட்டேன்.”

பிறவாமல் இறந்த சிசுவுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. அதை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பேர் எங்க எழுதுறீங்க?”

“பேருக்கு இதுல இடமில்ல.”

“இத்தாம்பெரிய தாள்ல ஒரு பேருக்கா இடமில்ல? மருத்துவச்சி தண்ணி ஊத்திப் பேர் வெச்சிருக்கு நோங். மத்தேயோ.”

ரெம்பெர்தோ மெதுவாகச் சொன்னான். “எழுதிடுங்க நோங் தியோ. இல்லன்னா இங்கயே அடுப்ப மூட்டி உக்காந்துருவா.”

ஓரத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில் பெயரை எழுதினேன். விதிப்படி அது தவறு. ஆனால் பேரேட்டுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை என்று நினைத்தேன்.

இறப்பின் காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். மருத்துவர் பார்க்காத மரணத்துக்குத் தகவல் சொல்பவரின் சொல்லையே எழுத வேண்டும் என்பது விதி. மருத்துவச்சி பாசிங் சொல்லி அனுப்பிய சொல் நீளமானது. அதன் வேர் ‘குஹா’. எங்கள் மொழியில் எடு என்று அர்த்தம். முன்னும் பின்னும் ஒட்டுவது எதுவோ அதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஒரு விதமாக ஒட்டினால் கரு தானாகக் கலைந்தது; பாசிங் சொன்னது அதுதான். வேறு விதமாக ஒட்டினால் அவளே கலைத்தாள். கட்டத்தில் இடம் இல்லாததால் ‘குஹா’ என்று மட்டும் எழுதி, சுருக்கம் என்பதற்கு அடையாளமாக ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் பதிவகத்தில் எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். ஊரில் அதை வேறு மாதிரி வாசிப்பவர் யாரும் இல்லை.

அதன் பிறகு லியோனோரா, அமாதோ, பெர்பெத்துவா. ஒவ்வொரு முறையும் அதே படிவம், ஓரத்தில் பெயர், கட்டத்தில் குஹா, புள்ளி. மூன்றாவது முறை அவளாகவே சொன்னாள், “பேர் அந்த ஓரத்துல நோங், மறந்துறாதீங்க.” நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளில் நான்கு சிறிய சிலுவைகளுக்கும் வெள்ளையடித்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு புட்டோவும் ஒரு மெழுகுவர்த்தியும் வைப்பாள். அன்றைக்கு மட்டும் துறையில் கடை இருக்காது.

2015இல் தலைநகர் மணிலாவில் ஒரு மசோதா வந்தது. கருவைக் கலைப்பது எங்கள் நாட்டில் முன்பே குற்றம்தான். புதிய மசோதா அதற்கு மேலும் போனது. கருத்தரித்த நொடியிலிருந்தே சட்டத்தின் முன் முழு ஆள். கருவைப் பதிவு செய்ய வேண்டும். பிறவாமல் போனால் ஓர் ஆள் இறந்தால் என்ன விசாரணையோ அதே விசாரணை. ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு, பூசை முடிந்ததும் கவுன்சிலர் லுத்கார்தா கோயில் வாசலில் மேசை போட்டு ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். லுத்கார்தா மோசமான பெண்மணி அல்ல. ஏழைப் பெண்களின் பிரசவத்துக்குத் தன் வண்டியைக் கொடுத்து அனுப்புகிறவர். அன்று முதல் கையெழுத்து ஆர்செனியாவுடையது. முப்பத்தேழாவது என்னுடையது. என் பேரேட்டில் அந்த நால்வருக்கும் பெயர் இருந்தது. பெயர் உள்ளவர்களை ஆள் என்று சட்டம் சொல்வதில் எனக்கு மறுப்பு ஏதும் தோன்றவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஆர்செனியா என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள், “நோங், ரெண்டு மாசம்.” அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பத்து நாள் கழித்து ஏப்ரல் 15 அன்று சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பட்டியலில் பெயர் கொடுத்தாள். மே 6 அன்று இரண்டாம் முறை போனாள்.

மசோதாவின் மேல் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் மே 12, செவ்வாய்க்கிழமை, மாகாணத் தலைநகரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. நான்கு பிள்ளைகளைப் பதிவு செய்து புதைத்த தாய் என்று லுத்கார்தா ஆர்செனியாவைப் பேச அழைத்துப் போனார். பதிவு உண்மை என்று சொல்ல வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். நான் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் நன்றாகப் பேசினாள். நான்கு பெயர்களையும் சொன்னாள். கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் மசோதாவை ஆராயும் குழுவின் வழக்கறிஞர் ஒலிபெருக்கியை நகர்த்திக்கொண்டார். மணிலாக்காரர், எங்கள் மொழி தெரியாதவர். மொழிபெயர்க்க ஓர் ஆசிரியை இருந்தார். ஆனால் வழக்கறிஞரின் மொழியிலும் குஹா என்றால் எடுதான். அந்தச் சொல்லுக்கு அவருக்கு ஆசிரியை தேவைப்படவில்லை. அவர் கையில் இருந்தது எங்கள் பேரேட்டைத் தட்டச்சு செய்த பட்டியல். அதில் என் புள்ளிகள் இல்லை.

“அம்மா, காரணம்னு போட்ட இடத்துல ‘எடு’ன்னு இருக்கு. நாலு தடவையும் அதேதான். யாரு எடுத்தாங்க?”

“ஆண்டவர் எடுத்துக்கிட்டார் சார்.”

“சரிம்மா. ஆனா ஆண்டவர் செஞ்சத இந்தக் கட்டத்துல யாரும் இப்படி எழுதுறதில்ல. டாக்டர் பாத்தாரா?”

“டாக்டர் எங்க தீவுக்கு மாசத்துல ரெண்டு நாள்தான் வருவார்.”

“மருத்துவச்சி?”

“போன வருஷம் செத்துட்டாங்க.”

அவர் எதையோ குறித்துக்கொண்டார். “பயப்படாதீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரிப் பதிவுகளை எந்த முறையில திறந்து விசாரிக்கிறதுன்னு சட்டத்துல சொல்லணும். அதுக்கு இது ஒரு உதாரணம், அவ்வளவுதான்.”

தண்ணீர் பாட்டிலைத் தாமே திறந்து அவளிடம் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். நான் எழுந்து கை தூக்கினேன். நேரம் முடிந்தது, சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்றார் தலைவர்.

திரும்பும் படகில் லுத்கார்தா மகிழ்ச்சியாக இருந்தார். “கூடமே அழுதுச்சு இண்டாய். அடுத்த தடவ உன்ன மணிலாவுக்கே கூப்பிடுவாங்க, பாரு.” ஆர்செனியா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுத்கார்தா காபி வாங்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“நோங், என்ன எழுதுனீங்க?”

சொன்னேன். சொல்லின் வேரை மட்டும் எழுதியதையும் ஏன் என்பதையும்.

“முழுசா எழுதியிருந்தா?”

“கட்டத்துல இடமில்ல இண்டாய்.”

“பேருக்கு இடம் கண்டுபிடிச்சீங்களே.”



அடுத்த வாரம் பதிவகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவள் மிஸ் குயிசோன், கவனமான பெண். ஒரு பெயரில் எழுத்துப் பிழை என்றால் அவளே திருத்தலாம். இறப்பின் காரணத்தைத் திருத்த நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மனுவை மூன்று வாரம் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். இதைப் போய் ஆர்செனியாவிடம் சொன்னேன்.

“எம்பேரப் போட்டு, ‘இவ கலைக்கல’ன்னு மூணு வாரம் பேப்பர்லயா?” என்றாள். “இதுவரைக்கும் நினைக்காதவனும் நினைப்பான் நோங்.”

மனு வேண்டாம் என்றாள். மே 25 அன்று நானே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சொல்லின் வேர், ஒட்டுகள், கட்டத்தின் அகலம், புள்ளியின் அர்த்தம், எனக்கு முன்னால் இருந்தவரின் வழக்கம் என்று இரண்டு பக்கம். அதே மாதிரி குஹா என்று எழுதிய இன்னும் நூற்றுப் பதினெட்டு வரிகள் பேரேட்டில் உண்டு, அவற்றில் ஒரு வரியும் கலைத்தது அல்ல என்று முடித்திருந்தேன். தபாலில் போட்ட பிறகுதான் அந்த எண்ணிக்கையை அவர்களிடம் நானே கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

ஜூலை 9 அன்று பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது.

அதற்குள் ஆர்செனியா சுகாதார நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். செவிலி என்னிடம் சொன்னதால் வீட்டுக்குப் போனேன். அவள் மூங்கில் தட்டுகளில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ரெம்பெர்தோ வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“செக்கப்புக்கு ஏன் போகல?”

“போனா எழுதுவாங்க.”

“எழுதட்டுமே. எடை, ரத்த அழுத்தம். உன் நல்லதுக்குத்தானே.”

“நீங்க எழுதுனதும் நல்லதுக்குத்தான் நோங்.”

“சட்டம் இன்னும் வரல இண்டாய். வெறும் மசோதா.”

“சட்டம் வந்தப்புறம் இந்த வயித்த எங்க கொண்டு போய் ஒளிக்கிறது? இது நின்னா சரி. நிக்கலன்னா? நாலு எடு. அஞ்சாவதும் எடுன்னா அந்த மனுஷன் பாட்டில் தொறந்து குடுத்துக் கேக்க மாட்டான்.”

ரெம்பெர்தோ வாசலிலிருந்து சொன்னான். “வலின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் நோங். தூக்கி வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவேன். வண்டி என்னுது.”

“வண்டி உங்க அண்ணனுது. உனக்கு அந்த ஹாரன் மட்டுந்தான்,” என்றாள். அவன் ஹாரனை ஒரு முறை அடித்துக் காட்டினான். மூவரும் சிரித்தோம். புறப்படும்போது வாழையிலையில் ஆறு புட்டோ கட்டிக் கொடுத்தாள். படியிறங்கும்போது, உள்ளே அவள் அவனிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. “ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம். சத்தியம் பண்ணு.” அவன் சத்தியம் செய்தது கேட்கவில்லை. செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு இருபதுக்கு அவளுக்கு ரத்தம் பட்டது. ரெம்பெர்தோ வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். அவள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். படுத்திருந்தால் நின்றுவிடும் என்றாள். போன முறையும் இரண்டு தடவை நின்றது என்றாள். பதினொரு மணிக்கு அவன் என்னைத் தேடி வந்தான். நான் போனபோது கால்மாட்டில் தலையணைகளை அடுக்கிப் படுத்திருந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

“நானும் கூட வரேன். டாக்டர் எழுதுறத நான் பக்கத்துல நின்னு பாக்குறேன். ஒரு எழுத்து குறைய விட மாட்டேன்,” என்றேன்.

“நீங்க வர வேண்டாம் நோங். உங்களப் பாத்தாலே எனக்கு அந்தக் கட்டந்தான் ஞாபகம் வருது.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். இரண்டு முப்பத்தைந்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழுதது. அரிசி மாவு நிறுக்கிற தராசில் தொள்ளாயிரத்து எண்பது கிராம். அழுகையைக் கேட்டதும் ஆர்செனியா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எடு வண்டிய. உசுரோட இருக்கு. இப்ப யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. எடு.”

மாவட்ட மருத்துவமனை இருபத்திரண்டு கிலோமீட்டர். குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு அவள் உள்ளே உட்கார்ந்தாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். சாலையில் இரண்டு இடத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால் நின்று நின்று போனோம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். பாலத்துக்கு முன்னால், நாலு இருபத்தைந்துக்கு, “நிறுத்து” என்றாள்.

ரெம்பெர்தோ நிறுத்தினான். அவள் துணிக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியின் முனையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

“திருப்பு.”

“உனக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரிக்கு…”

“திருப்பு ரெம்பெர்தோ.”

அவன் என்னைப் பார்த்தான். நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் இறங்கி நடக்கப் போனாள். திருப்பினான்.

ஏழு மாதம் முடியும் முன் கருப்பையை விட்டு வந்த குழந்தை இருபத்திநான்கு மணி நேரம் உயிரோடு இருந்தால்தான் பிறந்ததாகக் கருதப்படும் என்பது எங்கள் நாட்டின் பழைய சட்டம். அந்தப் பெண் இருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். பிறந்தவர் பேரேட்டில் அவளுக்கு இடமில்லை. எழுதினால் அந்த நான்கு பேரும் இருக்கும் பேரேட்டில்தான் எழுத வேண்டும்.

மறுநாள் காலையில் பதிவகத்தில் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு போனேன். ரெம்பெர்தோ வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் தோண்டி முடித்திருந்தான். கோழிகளை விரட்டக் கல்லை அடுக்கி வேலி மாதிரி கட்டிக்கொண்டிருந்தான். ஆர்செனியா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கல்லறை வேண்டாமா இண்டாய்?”

“கல்லறைக்குச் சீட்டு வேணும்.”

“கட்டம் முழுக்க எழுதுறேன். தனித் தாள்லயே எழுதி ஒட்டுறேன்.”

“வேண்டாம் நோங்.”

“பேர் வெச்சியா?”

“வெச்சேன்.”

“என்ன பேர்?”

“சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க மறக்க மாட்டீங்க.”

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முப்பது நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. செப்டம்பர் 17 அன்று அந்த முப்பது நாளும் முடிந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக, செப்டம்பர் 14 அன்று, குழுவிலிருந்து எனக்கு இரண்டாவது பதில் வந்திருந்தது. பேரேட்டில் உள்ளதை மாற்ற முடியாது. சொல் ஐயத்துக்கிடமானது என்று முன்னாள் எழுத்தர் தெரிவித்திருப்பது பட்டியலின் அடியில் குறிப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐயத்துக்கிடமானது என்று நான் எங்கும் எழுதவில்லை.

அக்டோபரில் நகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. சட்டம் வரும்வரை காத்திராமல் எங்கள் ஊரே அதற்கு முன்மாதிரியாக இருக்கும். கொண்டுவந்தவர் லுத்கார்தா. செய்முறை எளிது. சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பட்டியலை ஒரு பக்கம் வைத்து, பிறப்புப் பேரேட்டையும் சிசு இறப்புப் பேரேட்டையும் மறுபக்கம் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் முடிவு என்ன என்று பார்ப்பது. மிஸ் குயிசோன் நன்றாகவே பார்த்திருக்கிறாள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஆர்செனியா மறுபடி துறையில் கடை போட்டிருந்தாள். மெலிந்துவிட்டாள், தட்டைத் தூக்க ரெம்பெர்தோ வர வேண்டியிருந்தது. கல்லறைத் திருநாளில் நான்கு சிலுவைகளுக்கும் வெள்ளையடித்தாள். ஐந்தாவது புட்டோவை வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் முற்பகலில், மன்றத்தின் முத்திரை போட்ட உறை ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் வாசிக்கச் சொன்னாள். நின்றபடியே கேட்டாள். ஏப்ரல் 15 அன்று கர்ப்பிணிப் பட்டியலில் நாற்பத்தேழாம் எண்ணாகத் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறது. இதுவரை பிறப்பும் இல்லை, சிசு இறப்பும் இல்லை. முந்தைய நான்கு பதிவுகளையும் கருத்தில் கொண்டு, பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். நகல்: காவல் நிலையம், மசோதாக் குழு, மணிலா.

“பதில் எழுதினாப் போதாதா நோங்?”

“நேர்ல வரணும்னுதான் போட்டிருக்கு.”

“பலா மரத்தடியக் காட்டச் சொல்வாங்களா?”

நான் கடிதத்தை இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தேன்.

“இனிமே எழுதி அனுப்ப மாட்டாங்க, இல்ல? இனிமே ஆளுங்கதான் வருவாங்க,” என்றாள். கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுத் துறைக்குப் போனாள். அங்கே தட்டில் பலகாரம் ஆறிக்கொண்டிருக்கும்.

உறையின் மேல் என் வழக்கப்படி குறித்தேன்: வந்தது 2015 டிசம்பர் 3, வியாழக்கிழமை.